ஹெட் கேஸ்கெட் மாற்றும் முன் முகங்களைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன்மேல் மூடிபோல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருப்பது ஹெட் கேஸ்கெட். அதை மாற்றும் வேலை என்றாலே பலருக்கும் பயம் வருவது, பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் டைமிங் செயினை நினைத்துத்தான். அடுத்த பயம் போல்ட் முறுக்குவது. இரண்டுக்கும் மேனுவலில் படம் போட்டு வரிசை எழுதியிருப்பார்கள். அதன்படி செய்தால் தப்பு வராது. நடுவில் வரும் சுத்தம் செய்யும் வேலைக்குத்தான் பல மேனுவல்களில் ஒரே ஒரு வரி இருக்கும். நான் பார்த்தவரை, மாற்றிய கேஸ்கெட் கொஞ்ச நாளிலேயே மறுபடி போனால், பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்தான் காரணம் இருக்கிறது. அதனால் ஹெட்டின் அடிமுகம், பிளாக்கின் மேல்முகம், அவற்றைச் சுற்றியுள்ள துளைகள் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். இரும்பு அல்லது அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட் என்று இன்றைக்குப் பரவலாக இருக்கும் கார் என்ஜின்களை மனதில் வைத்து எழுதியது இது.

பழைய கேஸ்கெட் பெரும்பாலும் முழுதாகவே கழன்று வந்துவிட்டது. மேலே துடைத்துவிட்டுப் புதியதை வைத்தால் என்ன?

ஹெட் கேஸ்கெட் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது. சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயுவை அடக்கி வைக்கிறது, கூலன்ட்டைத் தன் வழியில் போக விடுகிறது, மேலே ஏறும் ஆயிலையும் கீழே இறங்கும் ஆயிலையும் வெளியே கசியாமல் காக்கிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தகட்டின் பொறுப்பு. அந்தத் தகட்டுக்கு அடியில் பழைய கேஸ்கெட்டின் ஒரு சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால், போல்ட்டின் அழுத்தம் அந்த மேட்டில் குவிந்துவிடும். அதற்குப் பக்கத்தில் உள்ள இடத்தில் அழுத்தம் குறையும். கசிவு தொடங்குவது அந்தக் குறைந்த இடத்தில்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. 450 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஹெட் 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். கீழே உள்ள இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். ஆக, ஒவ்வொரு முறை என்ஜின் சூடாகி ஆறும்போதும் ஹெட் அந்த கேஸ்கெட்டின் மேல் கொஞ்சம் நகர்ந்து திரும்புகிறது. முகம் வழவழப்பாக இருந்தால் அந்த நகர்வு கேஸ்கெட்டைப் பாதிக்காது. சொரசொரப்பாக இருந்தால் தகட்டின் மேல்பூச்சை அரம் போல ராவிவிடும்.

கழற்றும்போதே கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ஹெட் போல்ட்டில் கை வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடலாம். முறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒரேயடியாக இல்லாமல் சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். கூலன்ட்டை ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கில் தனியாக வடிப்பான் திருகு இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்டைத் தூக்கும்போது மீதித் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போல்ட் துளைகளுக்குள்ளும் வழியும்.

ஹெட் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இரண்டு முகங்களுக்கும் இடையில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பவே கூடாது. அந்த ஒரு நெம்பலில் விழும் பள்ளத்தை எந்தத் துடைப்பும் சரிசெய்யாது. நெம்புவதற்கென்றே வார்ப்பில் விட்டிருக்கும் நீட்டல்களைத் தேடுங்கள், அல்லது மேனிஃபோல்ட் பக்கத்தைப் பிடித்து ஆட்டிக் கழற்றுங்கள். கழற்றிய ஹெட்டை முகம் கீழாக மேசைமேல் வைக்காதீர்கள். திறந்திருக்கும் வால்வு வளையும், முகத்திலும் கீறல் விழும். இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து வையுங்கள்.

கழற்றிய பழைய கேஸ்கெட்டை உடனே தூக்கி எறிந்துவிட வேண்டாம். எந்த இடத்தில் கருகியிருக்கிறது, எந்தத் துளைக்கும் எந்தத் துளைக்கும் நடுவில் அரித்திருக்கிறது என்பதை அதுதான் காட்டும். முகத்தைச் சோதிக்கும்போது அந்த இடங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

சுரண்டத் தொடங்கும் முன் எதையெல்லாம் மூட வேண்டும்?

எல்லாத் துளைகளையும். இதில் ஒரு அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

முதலில் பிஸ்டன்கள். நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினில், பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டான கிராங்கைத் திருப்பி நான்கையும் பாதி உயரத்தில் சமமாக நிறுத்தலாம். டைமிங் செயின் தொங்கிக்கொண்டிருந்தால் அது கியரில் சிக்கிக்கொள்ளாதபடி மேலே கட்டிவிட்டுத் திருப்புங்கள். ஒரு எச்சரிக்கை: கழற்றக்கூடிய ஈர லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் தொடும்படி பிளாக்கில் செருகிய சிலிண்டர் குழாய்) உள்ள என்ஜின்களில் லைனரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போடாமல் கிராங்கைத் திருப்பக் கூடாது. பிஸ்டனோடு லைனரும் மேலெழுந்துவிட்டால் அடியில் உள்ள சீல் போய், வேலை பல மடங்காகிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு பிஸ்டனின் ஓரத்திலும், சிலிண்டர் சுவரோடு சேரும் வட்டத்தில், கிரீஸை மெல்லிய கோடாகப் பூசுங்கள். ரிங் இடுக்குக்குள் போகப் பார்க்கும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் நூல் உதிராத துணியைச் சுருட்டி வையுங்கள். ஆயில் துளைகளையும் கூலன்ட் துளைகளையும் டேப் ஒட்டியோ துணி அடைத்தோ மூடுங்கள். டைமிங் செயின் இறங்கும் பெரிய பள்ளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நேராக ஆயில் சம்ப்புக்கு, அதாவது என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குப் போகும் வழி. V வடிவ என்ஜினாக இருந்தால் இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தையும் மூட வேண்டும்.

எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். எடுக்கும்போது அந்த எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.

எதை வைத்துச் சுரண்டுவது நல்லது?

அலுமினியத்தைவிட மென்மையான ஒன்றில் தொடங்குங்கள். கெட்டியான பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் அல்லது பிளாஸ்டிக் பிளேடு பல கேஸ்கெட்டுகளுக்குப் போதும். இரும்பு பிளாக்கில் எஃகு ஸ்கிரேப்பரைத் தைரியமாகப் பயன்படுத்தலாம். அலுமினியத்தில் எஃகு பிளேடு தேவைப்பட்டால் புதிய, கூரான பிளேடாக எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய பிளேடுக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், அழுத்தம் அதிகமானால் கை வழுக்கும். பிளேடை முகத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்து, நீளவாட்டில் தள்ளுங்கள். கீறல் போடுவது அனேகமாக எப்போதும் பிளேடின் மூலைதான். அகலமான ஸ்கிரேப்பராக இருந்தால் அதன் இரண்டு மூலைகளையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிவிட்டே நான் வேலையைத் தொடங்குவேன்.

எஃகுக் கம்பி பிரஷ்ஷை, அதிலும் டிரில்லில் மாட்டிச் சுழலும் வகையை, அலுமினிய முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது மென்மையான உலோகத்தைத் தோண்டி அலை அலையாக ஆக்கிவிடும்.

அப்புறம், சுரண்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். ஊற வைத்தால் பாதி வேலை குறையும்; அது அடுத்த கேள்வி.

கேஸ்கெட் ரிமூவர் ஸ்பிரே வேலை செய்யுமா?

கிராஃபைட், நார் கலந்த பழைய வகைக் கேஸ்கெட்டுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும். அடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்; டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. மேலே நுரைத்துப் பொங்கியதைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழித்து எடுங்கள். தேவையானால் இரண்டாம் முறை அடியுங்கள். ஒரே முறையில் பலம் கொடுத்துச் சுரண்டுவதைவிட இரண்டு முறை ஊற வைப்பது மேல்.

இந்த மருந்து பெயின்டைக் கரைக்கும், ரப்பர் ஹோஸையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். பிளாக் முகத்தில் அடிக்கும்போது துளைகளுக்குள் ஓடாதபடி கொஞ்சமாக அடியுங்கள். அல்லது ஒரு கிண்ணத்தில் அடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தொட்டுத் தடவுங்கள். மருந்தில் ஊறிய துணியை அதே இடத்தில் விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள்.

காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்களை அலுமினியத்தில் பயன்படுத்தவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். இரும்புப் பாகங்களைக் கொதிக்க வைக்கும் காரத் தொட்டியில் அலுமினிய ஹெட்டைப் போட்டால் முகம் முழுக்க அரித்துக்கொண்டு வரும்.

ஏர் டூலில் மாட்டும் சொரசொரப்பு டிஸ்க் இரண்டு நிமிடத்தில் பளபளவென்று ஆக்கிவிடுகிறதே, அதில் என்ன குற்றம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

அந்த டிஸ்க்குகளில் அறுக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள். அலுமினியம் என்ற பெயரைக் கேட்டு மென்மையாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மாணிக்கக் கல்லும் நீலக்கல்லும் அடிப்படையில் இதே பொருள்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் 9, வைரத்துக்கு 10. டிஸ்க் சுழலும்போது இந்தத் துகள்கள் உதிர்ந்து, கண்ணுக்கே தெரியாத தூளாக நாலா பக்கமும் பறக்கின்றன. நீங்கள் அடைத்த துணியின் ஓரங்களிலும் புகும், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்திலும் ஒட்டும்.

என்ஜின் ஓடும்போது கிராங்குக்கும் அதன் பேரிங்குக்கும் இடையில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் அளவுதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடுக்கில் இந்தத் தூள் போனால், மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்த பேரிங்கே ஒரு உப்புத்தாள். கிராங்கை ஒவ்வொரு சுற்றிலும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

"ஆயில் ஃபில்டர் பிடித்துவிடாதா?" என்று கேட்பார்கள். முழுக்கப் பிடிக்காது. சம்ப்பில் விழுந்த தூள் ஃபில்டருக்குப் போவதற்கு முன் ஆயில் பம்ப்பைக் கடந்தாக வேண்டும். மிக நுண்ணிய தூள் ஃபில்டரையே கடந்துவிடும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். பிளாக் முகத்தில், ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளைகளில் விழுந்ததோ ஃபில்டருக்கு அப்பால் உள்ள வழியில் விழுந்தது; அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய தொழில்நுட்ப அறிவிப்பில், கேஸ்கெட் முகங்களைச் சுத்தம் செய்ய இந்த டிஸ்க்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று இதே காரணத்தைச் சொல்லி எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது குற்றம், டிஸ்க் உலோகத்தையும் எடுக்கிறது. கை சற்று அதிக நேரம் நின்ற இடத்தில் பள்ளம் விழும். பார்வைக்கு முகம் பளபளவென்று அழகாக இருக்கும். ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற துல்லியமான நேர்க்கோலை வைத்துப் பார்த்தால்தான் சிலிண்டர்களுக்கு நடுவில் உள்ள குறுகிய பாலம் தாழ்ந்து போயிருப்பது தெரியும். கேஸ்கெட் பெரும்பாலும் முதலில் போகும் இடமும் அந்தப் பாலம்தான்.

நானே பல வருடங்களுக்கு முன் ஒரு என்ஜினை இப்படிச் சுத்தம் செய்திருக்கிறேன். துணி அடைத்தேன், காற்று அடித்துத் துடைத்தேன், எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். மூன்றாவது வாரம் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. சம்ப்பைக் கழற்றி பேரிங் மூடியைத் திறந்தபோது பேரிங் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். கேஸ்கெட் மட்டும் கடைசிவரை கசியவே இல்லை. அன்றிலிருந்து அந்த டிஸ்க்கை என் கையால் தொடவில்லை.

கையால் உப்புத்தாள் போடலாமா?

பிளாக்கில், என்ஜின் வண்டியில் இருக்கும்போது வேண்டாம். துகள் உதிரும் கதை இங்கேயும் அதேதான். பிளாக் முற்றிலும் பிரிக்கப்பட்டு, பிறகு எல்லா ஆயில் வழிகளையும் கழுவப் போகிறீர்கள் என்றால் அது வேறு.

ஹெட்டைப் பொறுத்தவரை, தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி அதன்மேல் ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். பொறுமையாகச் செய்து நல்லபடி முடித்தவர்களும் உண்டு. ஆனால் கையின் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது, ஓரங்கள் உருண்டுவிடும். சமம் இல்லை என்று தெரிந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் போடுவதையே, அதாவது மெஷினில் முகத்தை மெல்லியதாகச் சீவிச் சமப்படுத்துவதையே நான் சொல்வேன்.

சுரண்டி முடித்த பிறகும் பழைய கேஸ்கெட்டின் கறுப்பு நிழல் போகவில்லை. அதையும் எடுக்க வேண்டுமா?

நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கேயும் தட்டவில்லை, துணியில் கறுப்பு ஒட்டவில்லை என்றால் அது வெறும் கறை. அதை விட்டுவிடலாம். பளபளப்பு வரும்வரை தேய்ப்பவர்கள்தான் முகத்தைக் கெடுப்பவர்கள். நகம் தட்டினால் அங்கே இன்னும் பொருள் இருக்கிறது. ஊற வைத்து மறுபடி எடுங்கள்.

பழைய என்ஜின். கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமோ?

பல பத்தாண்டுகளுக்கு முந்தைய என்ஜின்களில் இருக்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் இருந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டுவது, தேய்ப்பது, காற்று அடிப்பது எதுவும் கூடாது. நனைத்து, ஈரத்தோடு வழித்து, ஈரத்தோடேயே பையில் கட்டிவிடுங்கள். அந்தத் தூளுக்கென்று தரச்சான்று பெற்ற மாஸ்க் போட வேண்டும். சாதாரணத் துணி மாஸ்க் தடுக்காது. வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் அது நாரை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

போல்ட் துளைகளை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்? அவை முகத்தில் சேராதே?

முகத்தை அழுத்திப் பிடிப்பதே அந்தத் துளைகள்தான். பல பிளாக்குகளில் ஹெட் போல்ட் துளை அடி மூடியது. அதன் அடியில் கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், போல்ட் பிஸ்டன் போலவும் துளை சிலிண்டர் போலவும் ஆகிவிடும். திரவம் சுருங்காது. முறுக்க முறுக்க அழுத்தம் ஏறி, கடைசியில் பிளாக்கே விரிசல் விடும். விரிசல் விடாவிட்டாலும், முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரென்ச் "டிக்" என்று சொல்லும்போது போல்ட் இழுத்துப் பிடித்திருக்காது. திரவத்தோடு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கே கேஸ்கெட்டுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது.

மரையில் துருவும் பழைய சீலன்ட்டும் இருந்தாலும் இதே பிரச்சினைதான். முறுக்கும் பலத்தின் பெரும்பகுதி சாதாரணமாகவே உராய்வில் போய்விடுகிறது, மிச்சம்தான் போல்ட்டை இழுக்கிறது. மரை அழுக்காக இருந்தால் அந்த மிச்சமும் குறையும். ரென்ச் காட்டும் எண் மட்டும் மாறாது.

சுத்தம் செய்ய, மரையைச் சீராக்குவதற்கென்றே வரும் த்ரெட் சேசரைப் பயன்படுத்துங்கள். மரை வெட்டும் டேப் வேண்டாம். அது இருக்கும் மரையையே மெலிதாக்கிவிடும். சேசர் கிடைக்காவிட்டால், அதே அளவுள்ள ஒரு பழைய ஹெட் போல்ட்டின் மரையில் நீளவாட்டில் இரண்டு மூன்று வெட்டு வெட்டி, பிசிறுகளை அரத்தால் எடுத்துவிட்டு, கையால் மெதுவாக இறக்கி ஏற்றலாம். பிறகு கிளீனர் அடித்து, துளையின் வாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு காற்று அடியுங்கள். துணி இல்லாமல் அடித்தால் உள்ளே இருப்பது எல்லாம் முகத்துக்கு நேராக வரும், அதனால் கண்ணாடி கட்டாயம். கடைசியில் நீளமான குச்சியில் துணி சுற்றி அடிவரை விட்டு, உலர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

சில என்ஜின்களில் சில துளைகள் தண்ணீர் அறைக்குள்ளோ ஆயில் வழிக்குள்ளோ திறந்திருக்கும். அவற்றின் போல்ட்டுக்கு மரை சீலன்ட் போட வேண்டும். எவை அப்படி என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே டவல் ஊசிகளையும் பாருங்கள். ஹெட்டைச் சரியான இடத்தில் உட்கார வைப்பது அவைதான். அவற்றைச் சுற்றித் துரு மேடு கட்டியிருந்தால் ஹெட் முழுதாக உட்காராது. ஒன்று ஹெட்டோடு போயிருக்கலாம், அதையும் தேடுங்கள். ஹெட்டுக்கு ஏறும் ஆயில் துளையில் சில என்ஜின்களில் சிறு துளையுள்ள கட்டுப்பாட்டுத் துண்டு ஒன்று இருக்கும். அது அடைத்திருந்தாலும் காணாமல் போனாலும் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் பக்கம் ஆயில் ஓட்டம் கெடும்.

முகம் சமமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

துல்லியமான ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒன்றும், இடைவெளியை அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜும் வேண்டும். சாதாரண எஃகு அடிக்கோல் போதாது, அதுவே வளைந்திருக்கும். நீளவாட்டில் இரண்டு ஓரங்கள், அகலவாட்டில் இரண்டு ஓரங்கள், மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு திசைகளில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டர் பாலத்தின் மேலும் தனியாகப் பாருங்கள். கீழே ஃபீலர் இலை நுழைகிறதா, எந்தத் தடிமன்வரை நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பல கார் என்ஜின்களில் எல்லை 0.05 மில்லிமீட்டர் என்று இருக்கும், சிலவற்றில் 0.10 வரை விடுவார்கள். உங்கள் என்ஜினின் மேனுவல் சொல்வதே முடிவு. ஹெட் மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கை விட்டுவிடுபவர்கள் அதிகம். இரண்டையும் பாருங்கள். அதிகமாகச் சூடேறிய என்ஜினில் ஹெட் வளைந்திருந்தால் அதன் மேலுள்ள கேம் இருக்கைகளும் சேர்ந்து வளைந்திருக்கும். அடியை மட்டும் ஃபேஸிங் போட்டால் கேம் இறுக்கமாகச் சுற்றும்.

கூலன்ட் துளைகளைச் சுற்றிக் குழி குழியாக அரித்திருக்கிறது. விடலாமா?

குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. புதிய கேஸ்கெட்டை முகத்தின்மேல் வைத்து, அதன் அழுத்த வளையங்கள் எங்கே உட்காருகின்றன என்று பாருங்கள். குழி வளையத்துக்கு உள்ளே, தண்ணீர்ப் பக்கமே முடிந்துவிட்டால் கவலையில்லை. வளையத்துக்கு அடியில் வந்தாலோ, சிலிண்டரைச் சுற்றிய நெருப்பு வளையத்தை நோக்கி நீண்டாலோ அப்படியே பூட்டக் கூடாது. குழியை எபாக்ஸியால் நிரப்பிவிட்டு ஒப்பேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபேஸிங், அல்லது ஆழமாக இருந்தால் வெல்டிங் வைத்து ஃபேஸிங்.

இந்த அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் வருடக்கணக்கில் மாற்றாத கூலன்ட், அல்லது கூலன்ட்டே இல்லாத வெறும் தண்ணீர்.

ஃபேஸிங் போட்டால் வேறு என்ன மாறும்?

ஹெட் கொஞ்சம் தாழும். அதனால் அழுத்த விகிதம் சற்று ஏறும், மேலே கேம் உள்ள என்ஜினில் வால்வு டைமிங்கும் சற்று நகரும். குறைந்தபட்ச ஹெட் உயரம் என்று மேனுவலில் ஒரு எண் இருக்கும், அதற்குக் கீழே போகக் கூடாது. பல டீசல் என்ஜின்களில் பிஸ்டன் பிளாக்கின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் வாங்க வேண்டும். ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ தடிமனைக் காட்டும்.

பட்டறையில் கொடுக்கும்போது எந்த வகைக் கேஸ்கெட் போடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டுக்குப் பொதுவாக ஆர்ஏ (முகத்தின் சொரசொரப்பைக் காட்டும் அளவு) 0.75 மைக்ரான் அல்லது அதைவிட வழவழப்பான முகம் வேண்டும். மென்மையான கலவை வகைக்கு 1.5 முதல் 3 மைக்ரான்வரை இருந்தால் சரி. அதற்குக் கொஞ்சம் பிடிமானம் தேவை. திரும்பி வந்த ஹெட்டை நம்பி அப்படியே மாட்டிவிடாதீர்கள். உள்ளே உலோகச் சுருள்கள் இருக்கும். எல்லாத் துளைகளையும் கழுவி, காற்று அடித்து, பிறகு மாட்டுங்கள்.

கடைசித் துடைப்பு எப்படி?

ஹெட்டை ஏற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்னால்தான் இது. அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். தூளை வாக்குவமின் குறுகிய வாயால் உறிஞ்சுங்கள். பிஸ்டன் பக்கம் காற்று அடித்தால் தூள் ரிங் இடுக்குக்குள் இறங்கும். ஓரத்தில் பூசிய கிரீஸைத் தூளோடு சேர்த்து வழித்து எடுத்துவிட்டு, சிலிண்டர் சுவரைச் சுத்தமான துணியால் துடைத்து லேசாக ஆயில் தடவுங்கள்.

அதன் பிறகு குளோரின் கலக்காத பிரேக் கிளீனர் அல்லது அசிட்டோன் நனைத்த, நூல் உதிராத துணியால் இரண்டு முகங்களையும் துடையுங்கள். துணியில் கறை வராதவரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். குளோரின் கலந்த கிளீனர் நெருப்பிலோ சூடான உலோகத்திலோ பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம், அதனால்தான் அதை ஒதுக்குகிறேன். அசிட்டோனும் சுலபத்தில் தீப்பிடிக்கும்; பக்கத்தில் தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. துடைத்த முகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்.

இரும்பு பிளாக்கை முந்தின நாளே சுத்தம் செய்துவிட்டால் மறுநாள் காலையில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். ஒரு நாள் இடைவெளி வந்தால் முகத்தில் ஆயில் தடவி மூடி வைத்து, மாட்டும் நேரத்தில் கிளீனரால் துடைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்குக் கொஞ்சம் சீலன்ட் பூசலாமா?

கேஸ்கெட் தயாரித்தவர் சொன்னால் ஒழிய வேண்டாம். இன்றைய எஃகுக் கேஸ்கெட்டுகளில் தேவையான பூச்சு தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. மேலே சிலிக்கான் பூசினால் அது பிதுங்கி ஆயில் துளைகளை அடைக்கும். டைமிங் கவரும் பிளாக்கும் சேரும் கோட்டில் மட்டும் ஒரு பொட்டு சிலிக்கான் வைக்கச் சொல்லும் மேனுவல்கள் உண்டு; அங்கே அவசியம் வையுங்கள், பழைய பொட்டையும் முழுக்க எடுத்த பிறகு.

சுரண்டும்போது ஒரு துண்டு ஆயில் துளைக்குள் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் அது எந்தத் துளை என்று பாருங்கள். ஆயில் கீழே திரும்பும் பெரிய துளை என்றால் துண்டு சம்ப்பில் இருக்கும். சம்ப்பைக் கழற்றி எடுத்துவிடலாம். அழுத்தத்தோடு ஆயில் மேலே ஏறும் சிறு துளை என்றால் மெல்லிய குழாய் மாட்டிய வாக்குவமால் உறிஞ்சிப் பாருங்கள். எஃகுத் துணுக்கானால் காந்தக் குச்சி உதவும், கேஸ்கெட் துணுக்குக்கும் அலுமினியத்துக்கும் உதவாது. வால்வு டைமிங்கை ஆயிலால் மாற்றும் என்ஜின்களில் அந்த வழியில் உள்ள வால்வும் சிறு வலையும் அரிசி மணியைவிடச் சிறிய துணுக்குக்கே அடைத்துக்கொள்ளும்.

முடித்த பிறகு ஆயில் மாற்ற வேண்டுமா? மாற்றி ஒரு மாதம்தான் ஆகிறது.

மாற்றுங்கள். ஹெட்டைக் கழற்றியபோது கூலன்ட் கொஞ்சமாவது சம்ப்புக்குள் இறங்கியிருக்கும், எவ்வளவு கவனமாக இருந்தாலும் தூளும் இறங்கியிருக்கும். ஹெட்டைப் பூட்டிய பிறகு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பழைய ஆயிலை வடித்து, புதிய ஃபில்டர் போட்டு, ஆயில் நிரப்புங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். அந்த இரண்டாவது ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புத் தாளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கேஸ்கெட்டின் கறுப்புத் துணுக்கு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. பளபளக்கும் உலோகத் தூள் இருந்தால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பார்த்துவிடுங்கள்.